நான் சொல்லாமல் விட்ட பாதி

மயூர் விஹார், டெல்லி
14 டிசம்பர் 2025

அன்பு மகன் செந்தில்குமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் கவிப்ரியாவும் குழந்தையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை. என் சுகத்தைப் பற்றி வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதப்போவதில்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பதினாறு நாள் ஆகிறது. காற்று இன்னும் மோசம்தான், ஜன்னல்கள் சாத்தியே கிடக்கின்றன, பால்கனியில் காயப்போட்ட துணியை உதறினால் கறுப்பாகத் தூசி விழுகிறது. அம்மா ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை மெட்ரோவில் போய் மணத்தக்காளி வற்றல் வாங்கிவந்து குழம்பு வைத்தாள், எனக்கு இரண்டு வாய்தான் இறங்கியது. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன், நீ உடனே ரிப்போர்ட், புரோட்டீன் பவுடர் என்று பேச்சைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாய். இங்கிலீஷில் எழுதலாம் என்றால் எனக்கு ஆபீஸ் நோட் மாதிரிதான் வரும், முப்பத்து நாலு வருஷப் பழக்கம். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் ஆகும் என்று தெரியும். மெதுவாக வாசி, புரியாத இடத்தைக் கவிப்ரியாவிடம் கேள். முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு என்ன வியாதி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏப்ரல் மாதத்திலிருந்தே அது உனக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிட்டது. பதறாதே. திட்டுவதற்காக எழுதவில்லை. எப்படித் தெரிந்தது என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் நான் உன்னிடம் கேட்கப்போவது என்ன என்று உனக்கு விளங்கும்.

நவம்பரில் மூச்சு முட்டி என்னைச் சேர்த்து விலாவில் குழாய் போட்டு நீர் எடுத்தார்கள் அல்லவா, அப்போது என் பக்கத்துக் கட்டிலில் லட்சுமணன் என்று ஒருவர் இருந்தார். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், ஐம்பத்து நாலு வயது, டெல்லிக்கு வந்து முப்பது வருஷம். பெரிய வீடுகளுக்கு மார்பிளும் கிரானைட்டும் அறுத்துப் பதிக்கிற வேலை. மெஷினில் அறுக்கும்போது பறக்கிற கல்தூசி முப்பது வருஷமாக நுரையீரலில் படிந்து படிந்து அதைக் கல்லாக்கிவிட்டது. மனைவி முத்தம்மா நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவள். நாலா என்கிற சாக்கடைக் கால்வாய் ஓரம் இருந்த அவர்கள் குடியிருப்பை ஜூன் மாதம் இடித்துவிட்டார்கள், பதிலுக்கு ஊரின் வடகோடியில் நரேலாவில் ஒரு ஃபிளாட்டைக் கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து இரண்டு பஸ் மாறித் தினமும் வருவாள். வார்டில் தமிழ் பேச ஆள் கிடைத்ததில் லட்சுமணனுக்கு அவ்வளவு சந்தோஷம். மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு பேசுவார், நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார். எந்த மந்திரி வீட்டுத் தரை எந்த ஊர்க் கல் என்று அவருக்குத் தெரியும். சாணக்யபுரியில் ஒரு தூதரகத்துப் படிக்கட்டு தான் அறுத்தது என்றும், அதில் ஒரு கல்லைத் தலைகீழாகப் பதித்ததை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றும் சொல்லிச் சிரித்தார். சிரித்ததும் இருமல் வந்து அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. பேசாமல் இருங்கள் என்று அதட்டினேன். அவர் எங்கே கேட்டார்.

பதினைந்தாம் தேதி காலையில் அவருக்கு மூச்சு ரொம்பவும் இழுத்தது. ரிது என்ற இளம் டாக்டர், உன்னைவிடச் சின்னவள், இரண்டு நாளாகத் தூங்காத முகம், கையில் ஒரு ஃபாரத்தோடு வந்தாள். தொண்டையில் குழாய் இறக்கி மெஷினில் மூச்சு விடவைக்கச் சம்மதக் கடிதம். முத்தம்மாவுக்கு வேலை செய்கிற வீடுகளின் ஹிந்தி நன்றாகவே வரும், ஆனால் டாக்டர் பேசிய ஹிந்தி அதுவல்ல, ஃபாரமோ இங்கிலீஷில் இருந்தது. அங்கிள்ஜி, நீங்கள் படித்தவர், உங்கள் ஊர்ப் பாஷையில் இந்த அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டாள். கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட, அதை மறைக்கவில்லை. டாக்டர் என்னிடம் இங்கிலீஷில் சொன்னது இது: மெஷின் வைத்தால் இப்போதைக்கு உயிர் நிற்கும், ஆனால் இந்த நுரையீரல் திரும்ப வராது, மெஷினில் போனவர் அதைவிட்டு வெளியே வருவதற்கு வாய்ப்பு மிகவும் குறைவு, வேண்டாம் என்றால் மூச்சுத் திணறல் தெரியாமலிருக்க மருந்து கொடுத்து அமைதியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு வழியையும் அவள் சொன்னாள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் முத்தம்மாவிடம் சொன்னது, மெஷின் வைத்தால் மூச்சு சுலபமாகிவிடும், வைக்காவிட்டால் கஷ்டம் என்று. அவ்வளவுதான். மீதிப் பாதியைச் சொல்லவில்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன் செந்தில். ஃபாரத்தில் ஒரு வரி இருந்தது, நோயின் தன்மையும் சிகிச்சையின் பலனும் ஆபத்தும் எனக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட்டன என்று. அதையும் படித்துக் காட்டினேன்.

இதெல்லாம் நடக்கும்போது லட்சுமணன் நினைவோடுதான் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் கால்மாட்டில் நின்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மாஸ்க்கை இழுத்துக் கீழே தள்ளிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார். "சார், எனக்குக் கொழா வாணாம் சார். வூட்டுக்குப் போறேன்." தெளிவாகச் சொன்னார். டாக்டர் என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள். பயப்படுகிறார் என்று சொன்னேன். பயப்படுகிறார் என்பது என் வார்த்தை, அவருடையது இல்லை. அவர் பக்கம் திரும்பி, ரெண்டு நாள்ல எடுத்துருவாங்க லட்சுமணன், தைரியமா இருங்க என்றேன். ரெண்டு நாளில் எடுப்பதாக எனக்கு யாரும் சொல்லவில்லை. முத்தம்மா, கைநாட்டு வைக்கலாமா சார் என்று என்னைத்தான் கேட்டாள், புருஷனைக் கேட்கவில்லை. வையம்மா என்றேன்.

அவரை மேல்மாடி ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். ஒன்பது நாள் அங்கே இருந்தார். முத்தம்மாவைக் காலையில் பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் உள்ளே விடுவார்கள். மூன்றாம் நாள் இறங்கி வந்து, அவர் குழாயைப் பிடுங்கப் பார்த்தாராம், இரண்டு கையையும் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருக்கிறார்கள் என்றாள். கண் திறந்திருக்கிறது சார், தண்ணியா வருது என்றாள். ஐந்தாம் நாள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு வாணாம்னு சொன்னத நீங்க கேட்டீங்கல்ல சார். போயி சொல்லுங்க சார். நான் சொன்னா யாரு கேக்குறாங்க." விலாவில் குழாயும் கையில் நீர் வடிகிற பாட்டிலுமாக வீல் சேரில் என்னை மேலே தள்ளிக்கொண்டு போனார்கள். ஐ.சி.யு. வாசலில் டாக்டர் ரிது வந்தாள். அன்றைக்கு அவர் குழாய் வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னார், நான்தான் உங்களிடம் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றேன். அங்கிள்ஜி, இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, நானும் நேரே அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். இனிமேல் எடுப்பதென்றால் டாக்டர்கள் குழு கூட வேண்டும், அப்புறம் இன்னொரு குழு, அவர் கைப்பட எழுதிவைத்த காகிதமும் இல்லை, பெரிய டாக்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றாள். பேசியும் இருக்கிறாள், ஆரம்பித்தும் இருக்கிறார்கள். அது முடிவதற்குள் இருபத்து நாலாம் தேதி காலையில் லட்சுமணன் போய்விட்டார்.

முத்தம்மா அவருடைய செருப்பையும் ஒரு ஸ்டீல் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போக வார்டுக்கு வந்தாள். நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க சார் என்றாள். அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. டாக்டர் சொன்னதில் பாதியை நான் உன்னிடம் சொல்லவில்லையம்மா என்று எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் டம்ளரைப் பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். "சொல்லியிருந்தீங்கன்னா வூட்டுக்கு இட்டுகினு போயிருப்பேன் சார். அவரு கேட்டதும் அதான்" என்றாள். திட்டவில்லை, அழவும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு முழுவதும் அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். சிஸ்டர் எனக்கு மாத்திரை கொண்டுவரும்போதெல்லாம் முதலில் உன் அம்மா முகத்தைப் பார்ப்பது, டாக்டர்கள் ரவுண்ட்ஸில் என் கட்டிலுக்கு வந்ததும் குரலை இறக்குவது, எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எனக்குச் சந்தேகம் வராமல் இருந்தது என்று நினைக்காதே. பழைய டி.பி. தழும்பு, அதில் நீர் கோத்திருக்கிறது என்று நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை, நம்புகிறவன் மாதிரி இருந்தேன். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று கேட்காமல் இருந்தேன். அது என் கோழைத்தனம், அதை உன் தலையில் கட்டமாட்டேன். மறுநாள் டாக்டர் ரிதுவிடம் என் ஃபைலைக் காட்டச் சொன்னேன். உங்கள் மகனிடம் பேசிவிட்டு என்று ஆரம்பித்தாள். ஃபைல் மேல் இருப்பது என் பெயர்தானே என்றேன். அவளுக்கும் லட்சுமணன் நினைப்பு வந்திருக்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள், முழுவதுமா, கொஞ்சமா என்று கேட்டாள். இத்தனை மாதத்தில் என்னை ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். முழுவதும் என்றேன். நுரையீரலில் கேன்சர், ஈரலுக்கும் எலும்புக்கும் பரவியிருக்கிறது, ஏப்ரலில் கொடுத்த மாத்திரை அக்டோபர் வரை அதைப் பிடித்துவைத்தது, இனிப் பிடிக்காது. எத்தனை நாள் என்று கேட்டேன். ஹோலி வரைக்கும், அதாவது மார்ச் ஆரம்பம் வரைக்கும் சொல்லலாம் அங்கிள்ஜி, அதற்குப் பிறகு என்னால் சொல்ல முடியாது என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில், நோயாளிக்குத் தெரியாது, மகனிடம் மட்டும் பேசவும் என்று எழுதியிருந்தது, கீழே உன் நியூசிலாந்து நம்பர் இருந்தது.

ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் நீ வெலிங்டனுக்கு வாருங்கள் வாருங்கள் என்று எங்களைப் படுத்தி எடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா, டிக்கெட் போடட்டுமா என்று வாரத்துக்கு இரண்டு தடவை கேட்டாய். நான் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். நீ ஏன் அப்படி வற்புறுத்தினாய் என்று இப்போது புரிகிறது. தெரிந்திருந்தால் மறுநாளே கிளம்பியிருப்பேன் செந்தில். வெள்ளையா அடித்துக்கொண்டிருப்பேன்? குழந்தை நடை பழகுகிறதைப் பக்கத்திலிருந்து பார்த்திருப்பேன், இனிமேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று நேற்றுப் பூராவும் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மறுபடியும் பாதியைச் சொன்னவனாகிவிடுவேன். ஆனால் அந்தக் கோபம் நிற்கவில்லை. முன்பின் தெரியாத மனிதர் ஒருவருக்கு நான் நின்ற நிலையில் செய்ததைத்தான் உன்னைப் பெற்ற தகப்பனுக்கு நீ செய்தாய். எனக்குத் தாங்காது என்று நீ நினைத்தாய். முத்தம்மாவுக்குத் தாங்காது என்று நான் நினைத்தேன். இரண்டு பேருமே தாங்கவேண்டியவரைக் கேட்கவில்லை. உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

வீட்டுக்கு வந்த அன்று அம்மாவிடம், தினமும் எனக்கு எடுத்துத் தருகிற அந்த வைட்டமின் மாத்திரை டப்பாவைக் கொண்டுவா என்றேன். அட்டையிலிருந்து கேன்சர் மாத்திரைகளைப் பிரித்து அதற்குள் போட்டு எட்டு மாதமாகக் கொடுத்திருக்கிறாள். நான் கேட்ட விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டப்பாவை என் முன்னால் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். "தெரிஞ்சா சோறு திங்கிறத நிறுத்திருவீகன்னு நெனச்சேன்" என்றாள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உன்னோடு போனில் பேசுவாளாம், அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து எனக்குக் காபி போடுவாளாம். நாற்பது வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு விஷயம் மறைத்ததில்லை, இந்த ஒன்றை மறைத்ததில் அவள் பாதியாகிவிட்டாள், கழுத்து எலும்பு தெரிகிறது. நீ அவளைப் போனில் ஒன்றும் கேட்காதே, அவள் நீ சொன்னதைச் செய்தாள். இப்போது இரண்டு பேரும் சேர்ந்து அழுகிறோம், சேர்ந்து சாப்பிட உட்காருகிறோம், முன்னைக்கு இது தேவலை.

சென்ற வியாழக்கிழமை கீழ்வீட்டு ஸ்ரீதர் காரில் கர்கர்டூமா கோர்ட்டுக்குப் போய் ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். ஸ்ரீதரும் அவர் மனைவி உஷாராணியும் சாட்சி. நோட்டரி எந்தச் சொத்து என்று கேட்டார். சொத்து இல்லை, எனக்குப் பேச முடியாமல் போனால் என்னை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதற்கு என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். இப்படி எழுதிவைக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிச் சில வருஷமாகிறது, நம் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை, எனக்கும்தான். பத்திரத்தின் நகல் இதோடு இருக்கிறது, படித்துப் பார். எனக்கு நினைவு இருக்கிறவரை எதையும் என்னிடம் சொல்லி, என்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். வியாதி முற்றிய பிறகு தொண்டையில் குழாய் வேண்டாம், நெஞ்சை அழுத்துவது வேண்டாம், கையைக் கட்டக்கூடாது. வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் எவ்வளவு மருந்து வேண்டுமோ அவ்வளவும் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. முடிந்தால் வீட்டில். எனக்கு நினைவு தப்பினால் என் சார்பில் யார் பேசுவது என்ற இடத்தில் உன் பெயரைத்தான் முதலில் எழுதிவைத்திருந்தேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அவன் தூரத்துல இருக்கான், பதறிருவான். எம் பேர எழுதுங்க. இந்தத் தடவ நீங்க சொன்னத மட்டுந்தான் சொல்லுவேன்" என்றாள். அவள் பெயரை முதலிலும் உன் பெயரை இரண்டாவதாகவும் எழுதியிருக்கிறேன். ஆகவே ஒருநாள் உனக்குப் போன் வரும். டாக்டர் மெஷின் வைக்கட்டுமா என்று கேட்டால், எல்லாம் செய்யுங்கள், என்ன ஆனாலும் செய்யுங்கள் என்று நீ கத்தத்தான் நினைப்பாய், உன் இடத்தில் நானும் அதையேதான் கத்துவேன். அந்த நேரத்தில் அம்மா சொல்வதற்கு மேலே நீ ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. தூரத்தில் இருப்பதால் உனக்கு உண்டாகிற குற்ற உணர்ச்சிக்கு என் உடம்பு பதில் சொல்ல வேண்டாம். கடுமையாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள், வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எனக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைக்காதே. பயமாகத்தான் இருக்கிறது. மூச்சு இழுக்கிறபோது லட்சுமணன் முகம் வருகிறது. சில காலைகளில் எதுவும் தெரியாமலே இருந்திருக்கலாம் என்றுகூடத் தோன்றுகிறது, பல் தேய்த்து முடிப்பதற்குள் அது போய்விடுகிறது. ஒரு வாரமாக ஒரு நர்ஸ் வீட்டுக்கு வருகிறாள், கொஞ்சமாக மார்ஃபின் மருந்து கொடுக்கிறாள், மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதினேன், கையெழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதனால்தான். ஸ்ரீதர் இதை ஸ்கேன் எடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீயும் கவிப்ரியாவும் ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நீண்ட காலம் நன்றாக வாழவேண்டும். குழந்தைக்கு எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். ஆபீஸ் ஆபீஸ் என்று சாப்பிடாமல் அலையாதே, இருமலை அசட்டையாக விடாதே. நீ மார்ச்சில் லீவு கேட்டிருப்பதாக அம்மா சொன்னாள். மார்ச் வேண்டாமப்பா. ஜனவரியிலேயே வா. நான் பேச முடிகிறபோதே வா. வந்ததும் ரிப்போர்ட்டைத் தேடாதே, அம்மாவைத் தனியே கூப்பிடாதே. என் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்குத் தெரிந்ததையெல்லாம் உன் வாயால் என்னிடம் சொல். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா,
கருப்பசாமி